முதல் பிரிட்ஜ் போட்டிக்குப் போகிறவருக்கு

சீட்டாட்டம் என்றாலே பணம் வைத்து ஆடுவது என்றுதான் நம் வீடுகளில் நினைப்பார்கள். பிரிட்ஜை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ரம்மி திறமை ஆட்டம்தான் என்று 1967-ல் ஒரு வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், அதற்கு ஒப்பாகக் காட்டியது பிரிட்ஜைத்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்ததும் இந்த ஆட்டத்தில்தான். வென்றபோது பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2015-ல், பெர்முடா பௌல் என்கிற உலகக் கோப்பைக்கான போட்டி நம் சென்னையிலேயே நடந்தது. கோப்பையைப் போலந்து அணி கொண்டுபோனது.

ஆட்டத்தைக் கற்று, நண்பர்களோடு ஒரு வருடம்போல ஆடிவிட்டு, முதல் பெரிய போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பவருக்காக இதை எழுதுகிறேன். 28, 56, இலங்கையின் 304 ஆகியவற்றை ஆடி வளர்ந்தவர்களுக்கு எதிரே உட்காரும் கூட்டாளி, ஏலம், துருப்பு, பிடி எல்லாம் பழகியவை. வீட்டில் ஆட்டின், இஸ்பேடு என்று சொல்வதை அங்கே ஹார்ட்ஸ், ஸ்பேட்ஸ் என்பார்கள், அவ்வளவுதான். போட்டியில் நம்மைத் தடுமாற வைப்பவை வேறு.

வீட்டில் நல்ல சீட்டு வந்தவர் ஜெயித்துவிடுவார். போட்டியில் அது செல்லாது. 52 சீட்டிலிருந்து ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். அவற்றில் எது உங்களுக்கு வந்தாலும், அதே கையை வேறு மேசைகளில் அதே திசையில் உட்காருபவர்களும் ஆடுவார்கள். இதற்காகவே நாலு பக்கமும் பை வைத்த ‘போர்டு’ என்ற தட்டு இருக்கிறது. போட்ட சீட்டை யாரும் நடுவில் எறிவதில்லை. அவரவர் முன்னாலேயே கவிழ்த்து வைத்துக்கொள்வார்கள். பிடி நம்முடையது என்றால் சீட்டு நெட்டுவாக்கில், எதிரணியுடையது என்றால் குறுக்குவாக்கில். ஆட்டம் முடிந்ததும் 13 சீட்டும் அதே பைக்குத் திரும்பும், போர்டு அடுத்த மேசைக்குப் போகும். உங்கள் எண்ணிக்கையை ஒப்பிடுவது எதிரே இருந்தவர்களோடு அல்ல, அதே சீட்டை வைத்து ஆடிய மற்றவர்களோடு. நூறு பேர் ஆடும் அறையிலும் ‘சீட்டு வரவில்லை’ என்று சொல்ல இடமில்லை. இந்த நியாயத்துக்காகவே எனக்கு இந்த ஆட்டம் பிடித்தது.

வழக்கமான ஏற்பாட்டில் வடக்கு-தெற்கு ஜோடி இடம் மாறாது. கிழக்கு-மேற்கு ஜோடி அடுத்த எண் மேசைக்கு நகரும், போர்டுகள் முந்தைய எண் மேசைக்கு நகரும். அதனால் ஒரு ஆட்டம் முடிந்ததும் “ராஜாவை ஏன் போட்டாய்?” என்று உரக்கக் கேட்டுவிடாதீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் இன்னும் பத்து நிமிடத்தில் அதே சீட்டை எடுக்கப் போகிறார்கள்.

பெயர் கொடுக்கும்போதே அது ஜோடிப் போட்டியா, அணிப் போட்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆட்டமே வேறு. ஜோடிப் போட்டியில், நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2 புள்ளி, சமமானால் 1. எவ்வளவு தூரம் முந்தினீர்கள் என்பது கணக்கிலேயே வராது. துருப்பில்லாத 3 ஏலத்தை எடுத்து ஒன்பது பிடி பிடித்தால் 400, பத்து பிடித்தால் 430 என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் 400 எடுத்திருக்க நீங்கள் மட்டும் 430 எடுத்தால் அந்த போர்டில் முழு மதிப்பெண் உங்களுக்கே. அணிப் போட்டியில் அதே 30 புள்ளி வித்தியாசத்துக்கு ‘இம்ப்’ என்ற அலகில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். பத்தாவது பிடிக்கு ஆசைப்பட்டு எட்டில் விழுந்தாலோ 50 போய்விடும், அடுத்த மேசையில் எதிரணி எடுத்த 400-உடன் சேர்த்து 450 வித்தியாசம், 10 இம்ப் நஷ்டம். ஆகவே அணிப் போட்டியில் ஒப்புக்கொண்ட பிடிகளைப் பத்திரமாக எடுப்பதே முதல் வேலை. ஜோடிப் போட்டியில் ஒரு பிடி கூடுதலாகக் கிடைக்குமா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே தீர வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, புதிது புதிதாக ஏல முறைகளைப் படிப்பது. முதல் போட்டியில் புள்ளி போவது தெரியாததால் அல்ல, இருவரும் ஒரே மாதிரி தெரிந்துவைத்திராததால். என் முதல் போட்டியில் கூட்டாளி ‘ஒன் நோ-ட்ரம்ப்’ சொல்லித் தொடங்கினார். எதிரணியிலிருந்து ‘டூ கிளப்ஸ்’ வந்தது. என்னிடம் ஆறு ஹார்ட்ஸ், ஒற்றை ஸ்பேட். ‘டூ ஹார்ட்ஸ்’ என்றேன். குறுக்கே யாரும் பேசாமல் இருந்திருந்தால் எங்கள் முறையில் அதற்கு ‘என்னிடம் ஸ்பேட்ஸ் இருக்கிறது’ என்று பொருள். குறுக்கே ஏலம் வந்தபின்பும் அதே பொருள்தானா, இல்லை சொன்னது சொன்னபடியா? அதை நாங்கள் பேசியிருக்கவே இல்லை. என் ஒற்றை ஸ்பேடோடு ஸ்பேட்ஸ் துருப்பில் போய் விழுந்தோம். இருவருக்குமே அந்த முறை தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இடையில்தான் அது இல்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியோடு உட்கார்ந்து, உங்கள் ஏல முறைகளைக் குறிக்கும் சிஸ்டம் கார்டை எழுதுங்கள். போட்டியில் எதிரணி பார்ப்பதற்காக அதை மேசையில் வைக்க வேண்டும், இருவர் கார்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆனால் அதன் பெரிய பயன் எழுதும்போதே கிடைத்துவிடும். ‘ஒன் நோ-ட்ரம்ப்’ என்றால் 15 முதல் 17 புள்ளி என்பதை ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். அதை எதிரணி டபுள் செய்தால் என்ன? குறுக்கே ஏலம் சொன்னால் என்ன? ஏஸ் எத்தனை என்று நாம் கேட்ட கேள்விக்கு நடுவில் எதிரணி புகுந்தால் என்ன? கூட்டாளியின் ஏலத்துக்கு எதிரணி டபுள் சொன்னபின் நான் ரீடபுள் சொன்னால் அது பலமா, காப்பாற்று என்ற கூக்குரலா? முதல் சீட்டு போடும்போது நீண்ட இனத்தின் நாலாவது பெரிய சீட்டா? இங்கேதான் ஒரு மணி நேரம் ஓடும். பதில் எதுவாகவும் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். இருவரில் ஒருவருக்கு மறந்துபோகும் முறை எதுவானாலும் அதை அடித்துவிடுங்கள். எவ்வளவு அழகான முறையாக இருந்தாலும் சரி.

இன்று பலர் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் போன்ற தளங்களில்தான் ஆட்டத்தைப் பழகுகிறார்கள். ஏலப் பயிற்சிக்கு அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அங்கே கணினி உங்களைத் தவறு செய்யவே விடாது. கையில் இனம் இருக்கும்போது வேறு சீட்டைப் போட முடியாது, முறை வராமல் போட முடியாது, பிடியை எண்ண வேண்டியதில்லை. மேசையில் இத்தனையும் உங்கள் பொறுப்பு. தளத்தில் உங்கள் ஏலத்தின் சிறப்புப் பொருளை நீங்களே எதிரணிக்கு எழுதிக் காட்டுவீர்கள். மேசையிலோ உங்கள் ஏலத்துக்கு அலர்ட் கார்டு காட்ட வேண்டியவர் கூட்டாளி. அதனால் போட்டிக்கு முன் நாலைந்து தடவையாவது அச்சடித்த சீட்டைத் தொட்டு ஆடுங்கள். சீட்டைத் திருப்பிப் பார்க்குமுன் கவிழ்த்தபடியே 13 என்று எண்ணுங்கள், இது விதி. முதல் சீட்டைக் கவிழ்த்து வைத்து, கூட்டாளிக்குக் கேள்வி ஏதும் இல்லை என்று தெரிந்தபின் திறவுங்கள். முறை மாறிப் போட்ட சீட்டு திறக்குமுன் அகப்பட்டுவிட்டால் சேதமில்லாமல் தப்பிக்க வழியுண்டு. திறந்தபின் அப்படியில்லை.

கையில் இனம் இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிட்டால் அதற்கு ரிவோக் என்று பெயர். அடுத்த பிடிக்கு உங்கள் அணி சீட்டு போடுவதற்குள் கண்டுபிடித்துச் சொன்னால் திருத்திக்கொள்ளலாம். அதற்குப்பின் ஒன்றோ இரண்டோ பிடிகள் எதிரணிக்குப் போகக்கூடும்.

இப்படி எது நடந்தாலும் உடனே கையைத் தூக்கி “டைரக்டர்!” என்று போட்டி நடுவரைக் கூப்பிடுங்கள். புதிதாக வருபவர்களுக்கு இதில்தான் மிகுந்த தயக்கம். கூப்பிட்டால் எதிரே இருப்பவரைக் குற்றம் சாட்டியதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். எதிரே பெரிய ஆட்டக்காரர் இருந்தால், அவரே “பரவாயில்லை தம்பி, நாமே சரிசெய்துகொள்ளலாம்” என்று சொல்லிவிடவும் கூடும். ஒத்துக்கொள்ளாதீர்கள். தவறு நடந்தது தெரிந்ததும் டைரக்டரை அழைக்க வேண்டும் என்பது விதிப்புத்தகம் சொல்வது. தன் உரிமை என்ன என்று தெரியாத புதியவருக்கு அவர் ஒருவர்தான் காப்பு. மரியாதையோடு, சாதாரணக் குரலில் அழைத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யோசிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் தயங்கி யோசிக்கலாம், அது தவறில்லை. ஆனால் நீங்கள் தயங்கியதிலிருந்து உங்கள் கையை ஊகித்து ஆட கூட்டாளிக்கு உரிமை கிடையாது. நீண்ட தயக்கத்துக்குப்பின் நீங்கள் ‘பாஸ்’ சொன்னால், அடுத்து நியாயமாக ஆட நினைக்கும் கூட்டாளியின் கைதான் கட்டப்படும். உலகப் போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைப்பது 1975-லிருந்து இருக்கிறது. நம் போட்டிகளில் அந்தத் திரையை நாமே மனத்துக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லா ஏலத்தையும் ஒரே வேகத்தில் சொல்லிப் பழகுவது அதற்கு நல்ல வழி. ஒரு போர்டுக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும். எளிய கைகளைச் சட்டென்று ஆடிவிட்டு, மிஞ்சும் நேரத்தைக் கடினமான கைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அமர்வு மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார வேண்டாம். தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பேசியை அணைத்துவிடுங்கள், அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். அடுத்த சுற்றில் எதிரே நாட்டுக்காக ஆடியவர் வந்து உட்காரலாம். அவருக்கும் 13 சீட்டுதான்.

முடிந்தபின் எல்லாக் கைகளையும் அச்சடித்த தாள் கொடுப்பது பல போட்டிகளில் வழக்கம். அதை மடித்துப் பையில் வையுங்கள். அன்றிரவே கூட்டாளியோடு விவாதிக்க வேண்டாம், தூங்கிவிட்டு மறுநாள் திறவுங்கள். யார் எந்தச் சீட்டைத் தவறாகப் போட்டார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஏலத்தை இருவரும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்ட போர்டுகளை முதலில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் பேசி முடிவுசெய்து, சிஸ்டம் கார்டில் எழுதிவிட்டு அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.