சிறுவாட்டுப் பணமும் ஸ்கேன் அட்டையும்



சிறுவாடு என்றால் என்னவென்று தெரியுமா? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, ஆம்பிளைகளுக்குத் தெரியாமல் பெண்கள் சேர்த்து வைக்கும் காசு. அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, சேலை மடிப்பு, இதெல்லாம்தான் அதற்கு பேங்க்!

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அந்த வாரம் எங்க அப்பத்தா அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டே தாத்தாவிடம் நீட்டியது. தாத்தா திட்டவில்லை. "இம்புட்டு வச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டார். அப்பத்தாவுக்கு அதுவே தாங்கவில்லை. நாடு முழுக்க எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். அது திருட்டுப் பணம் இல்லை, கறுப்புப் பணமும் இல்லை. ஆனாலும் மறைத்து வைக்க ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் சட்டத்தில் 'அந்தரங்க உரிமை' என்கிறார்கள்.

இப்போது நம்ம ஊர்ப் பெட்டிக்கடையிலும் ஸ்கேன் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய் காசு கொடுத்துக் கடலைமிட்டாய் வாங்கினால் அது கடைக்கார அண்ணாச்சிக்கும் நமக்கும் மட்டுமே தெரியும். காசு ஊமை. ஸ்கேன் செய்தால் நம்ம செல்போன் ஆப், நம்ம பேங்க், தேசியக் கொடுப்பனவுக் கழகம் (யு.பி.ஐ.யை 2016 ஏப்ரலில் கொண்டுவந்தது இதுதான்), அண்ணாச்சியின் பேங்க் என்று வரிசையாக எல்லோரிடமும் பதிவாகும். யார், யாருக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது வரை இருக்கும். பேங்குகள் இந்தக் கணக்கைக் குறைந்தது 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கியது மிட்டாயா, பென்சிலா என்று அதில் இருக்காதுதான். ஆனால் மருந்துக்கடை, வக்கீல், கட்சி நன்கொடை என்று பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே ஒரு ஆளின் கதை தெரிந்துவிடுமே! யு.பி.ஐ. வரவு செலவில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு போன்பே, கூகுள் பே என்ற இரண்டே ஆப்கள் வழியாகப் போகிறது. ஒன்றில் வால்மார்ட்டுக்குத்தான் பெரும்பங்கு, இன்னொன்று கூகுளுடையது.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று எங்க வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கர்நாடகாவில் 2025 ஜூலையில் நடந்ததைச் சொன்னேன். யு.பி.ஐ. கணக்கை வைத்தே அங்குள்ள வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! கணக்கில் தொகை தெரிந்ததே தவிர, விற்றது கத்திரிக்காய் என்று தெரியவில்லை. பெங்களூரு கடைகளில் 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்று பேப்பரில் எழுதி ஒட்டினார்கள். அப்புறம்தான், ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். வரி கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்பே செய்யாதவரும் 'நான் தப்பு செய்யவில்லை' என்று நிரூபிக்க அலைய வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

பார்ப்பது மட்டும் இல்லை, நிறுத்தவும் முடியும். 2022 பிப்ரவரியில் கனடாவில் லாரி ஓட்டுநர்கள் போராடியபோது அரசு அவசரச் சட்டத்தைக் கொண்டு பலருடைய பேங்க் கணக்கை முடக்கியது. அவர்கள் செய்தது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. டப்பாவில் இருக்கிற காசை அப்படி ஒரே உத்தரவில் முடக்க முடியாது.

நம்ம நாட்டில் இதற்குப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அரசு தன்னுடைய அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது!

ஸ்கேன் செய்வதால் சில்லறைத் தொல்லை இல்லை, பஸ்ஸில் பிக்பாக்கெட் பயம் இல்லை. அதுவும் உண்மைதான். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அம்மாக்களின் பெயரிலேயே பேங்குக்கு வந்தது. ஆனால் பணம் ஏறியதும் மெசேஜ் யார் போனுக்கு வருகிறது? எங்க வீட்டில் அப்பத்தா கணக்குக்குக் கொடுத்திருப்பது சித்தப்பா நம்பர். பணம் வந்ததும், எடுத்ததும் முதலில் தெரிவது சித்தப்பாவுக்குத்தான்.

இதை எழுதும்போது அப்பத்தாவிடம், "இன்னும் சிறுவாடு சேக்குறியா?" என்று கேட்டேன். சிரித்தது. "எங்க வச்சிருக்க?" என்றேன்.

"அத உங்கிட்ட சொல்லுவனாக்கும்!" என்று எழுந்து போய்விட்டது.

– 11-ஆம் வகுப்பு மாணவி