கணினிக் கடிகாரமும் கெடாவின் பொழுதும்: நேரக் குறிகை பற்றிய ஒரு விளக்கம்

தோட்டத்தில் உள்ள பலரும் ஒரே வேளையில் வேலைக்கு இறங்க வேண்டுமாயின் இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும். ஏதேனும் ஒரு கடிகாரத்தை எல்லாரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அது காட்டும் நேரம் மற்றவர்களைச் சென்றடைய ஒரு வழியும் வேண்டும். ரப்பர்த் தோட்டங்களில் முதல் தேவையை அலுவலகக் கடிகாரமும் இரண்டாவதைப் பெரட்டு மணியும் நிறைவேற்றின. கடிகாரமே இல்லாத லயத்து வீடும் அந்த ஓசையால் நேரம் அறிந்தது. இன்று பீடோங்கிலும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இயங்கும் கணினிகளுக்கும் இதே இரு தேவைகள் உள்ளன. மணியோசையின் இடத்தை இன்று கம்பி வழியாகவும் விண்வழியாகவும் வரும் நேரக் குறிகை பிடித்திருக்கிறது. அக்குறிகை எவ்வாறு இயங்குகிறது என்பதையும், அது தரும் மணியைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிடும் தமிழாய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குறிகையின் இயக்கம்

கணினியின் உள்ளே இருப்பது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். அது வினாடிக்கு 32,768 முறை அதிருமாறு வெட்டப்பட்டிருக்கிறது. அதிர்வுகளை எண்ணியே கணினி வினாடியை அறிகிறது. வெப்பநிலை மாறினாலும் படிகத்திற்கு வயதானாலும் இவ்வதிர்வு சற்றே பிறழும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை என்பது மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அது நாளொன்றுக்கு 1.7 வினாடியாகவும் ஆண்டொன்றுக்குப் பத்து நிமிடத்திற்கும் மேலாகவும் வளர்ந்துவிடும். அணைத்த கணினியிலும் இக்கடிகாரத்தை ஓடச் செய்வது நாணய வடிவிலான ஒரு சிறு மின்கலம். அது தீர்ந்துவிட்டால் கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்க் காலவரம்பை உலாவி கணினியின் தேதியோடு ஒப்பிடுவதால், அத்தகைய கணினியில் அவை திறக்க மறுக்கின்றன. பள்ளிக் கணினி அறையில் இணைய இணைப்பே பழுது என்று முடிவு செய்யுமுன் திரையின் மூலையிலுள்ள தேதியை ஒருமுறை நோக்குவது நன்று.

பிழைபடும் இக்கடிகாரங்களுக்கு அளவுகோலாக நிற்பது அணுக்கடிகாரம். 1967ஆம் ஆண்டு முதல் ஒரு வினாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் என வரையறுக்கப்பட்டுள்ளது. மலேசியாவின் நேரத்தைச் சிரிம் நிறுவனத்தின் கீழுள்ள தேசிய அளவியல் கழகம் சிப்பாங்கில் சீசியம் கடிகாரங்களைக் கொண்டு காத்து வருகிறது. ஜிபிஎஸ் துணைக்கோள்களும் அணுக்கடிகாரங்களைச் சுமந்தே வலம் வருகின்றன. அவற்றின் குறிகையைப் பெறும் கருவி இரு செய்திகளைத் தருகிறது. இப்பொழுது எந்த வினாடி என்பதை எழுத்து வடிவில் சொல்கிறது. அவ்வினாடி தொடங்கும் கணத்தை ஒரு மின்துடிப்பால் சுட்டுகிறது. வானொலியில் அறிவிப்பாளர் மணியைச் சொல்ல, அதனையொட்டி ஒலிக்கும் குறுகிய ஓசை அம்மணியின் கணத்தைச் சுட்டியதும் இவ்வாறே. பிபிசி இத்தகைய ஆறு ஓசைகளை 1924 பிப்ரவரி 5 அன்று ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்கும் முன்னர், 1792இல் நிறுவப்பட்ட சென்னை வானியல் ஆய்வகத்தின் நேரம் 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கம்பி வழியே இரயில் நிலையங்களைச் சென்றடைந்தது.

எல்லாக் கணினிகளும் துணைக்கோளை நேரடியாக நோக்க இயலாது. அவை வலைப்பின்னல் வழியே வேறொரு கணினியிடம் நேரம் கேட்கின்றன. இதற்கான நெறிமுறையை வகுத்தவர் அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கி 2024இல் மறைந்த டேவிட் மில்ஸ். அது 1985இல் வெளியானது. இங்கே எழும் சிக்கல் சுவையானது. மணி என்ன என்று கேட்டு விடை வந்து சேர்வதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடும். எனவே வந்த விடை பழையதாகிவிடும். இதற்கு மில்ஸ் கண்ட தீர்வு, நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்வது. சுங்கை பட்டாணியிலுள்ள கணினி தன் கடிகாரப்படி 10 மணி 0.000 வினாடிக்குக் கேள்வியை அனுப்புகிறது என்க. வழங்கி அதனைத் தன் கடிகாரப்படி 10 மணி 2.030 வினாடிக்குப் பெற்று 2.031க்கு விடையளிக்கிறது. விடை வந்து சேரும்போது நம் கணினி 10 மணி 0.061 வினாடி காட்டுகிறது. போய்வர ஆன மொத்த நேரம் 0.061; வழங்கியில் தங்கியது 0.001, ஆகவே பயணத்தில் கழிந்தது 0.060. இதில் சரிபாதி போவதற்கும் சரிபாதி வருவதற்கும் ஆனதெனக் கொண்டால், நம் கடிகாரம் சரியாக 2 வினாடி பின்தங்கியுள்ளது என்பது புலனாகும்.

போகும் வழியும் வரும் வழியும் ஒத்த காலம் எடுக்கும் என்பது ஓர் எடுகோளே. அது பொய்த்தால், வேறுபாட்டில் பாதியளவு பிழை கணக்கில் புகுந்துவிடும். பிழை சிறிதாயின் கணினி தன் கடிகாரத்தைச் சட்டென மாற்றுவதில்லை. வினாடியைச் சற்றே நீட்டியோ குறுக்கியோ மெல்லச் சரிசெய்கிறது. காலம் பின்னோக்கிச் சென்றால் பதிவுகளின் முறை குலைந்துவிடும் என்பதே காரணம். 1996இல் தொடங்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு சில்லு எத்தனையோ இயந்திரங்களைக் கடந்து உருவாகிறது. அவ்வியந்திரங்களின் கடிகாரங்கள் ஒவ்வாவிடில் எந்தக் குறை எந்தப் படியில் நேர்ந்தது என்பதைப் பதிவிலிருந்து அறிய இயலாது.

மணியும் சூரியனும்

குறிகை தருவது உலகப் பொது நேரத்தையே. அதனைக் கெடாவின் மணியாக மாற்றுவது கணினியில் உள்ள ஒரு விதியாகும். அவ்விதி இயற்கை தந்ததன்று, அரசுகள் வகுத்தது. சுங்கை பட்டாணி ஏறக்குறைய 100.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் அமைந்துள்ளது. பாகைக்கு 4 நிமிடமாகக் கணக்கிட்டால், அவ்வூரின் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு 6 மணி 42 நிமிடம் முந்தியது. பாங்காக்கும் ஏறத்தாழ இதே நெடுங்கோட்டில்தான் உள்ளது. இன்றைய மலேசிய மணியோ 8 மணி நேரம் முந்தியது. இடைவெளி 78 நிமிடம். நம் பழைய அளவையில் மூன்றேகால் நாழிகை.

இவ்விடைவெளி படிப்படியாக வளர்ந்ததாகும். சிங்கப்பூரில் 1905 முதல் 7 மணி நேர முந்துகை வழக்கில் இருந்தது; கெடாவின் சூரியனோடு ஒப்பிட அது முக்கால் நாழிகையே மிகுதி. 1933இல் 20 நிமிடமும் 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் கூட்டப்பட்டன. அப்பொழுது மிகுதி இரண்டு நாழிகையாயிற்று. சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் புகுத்தப்படவே மிகுதி ஐந்தேமுக்கால் நாழிகையாக உயர்ந்தது. போருக்குப் பின் பழைய ஏழரை மணி முந்துகை மீண்டது. இறுதியாக, சபா சரவாக்கோடு ஒரே நேரத்தைப் பேணும் பொருட்டு 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்குக் கடிகாரங்கள் நள்ளிரவுக்கு நகர்த்தப்பட்டன. அந்நாள் 23½ மணி நேரமே நீடித்தது.

கணினிகள் பயன்படுத்தும் நேர அட்டவணை தீபகற்பத்திற்குச் சிங்கப்பூரின் வரலாற்றையே ஒட்டிச் செல்கிறது. கெடாவைப் பொறுத்தவரை அதனை அப்படியே ஏற்றல் தகாது என்பது என் கருத்து. 1909 வரை கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது; பின்னரும் அது கூட்டு மலாய் மாநிலங்களில் சேரவில்லை. 1943 அக்டோபரில் அதன் நிர்வாகம் தாய்லாந்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே அக்கால இறுதியில் எழுதப்பட்ட பிறப்புக் குறிப்பொன்றில் உள்ள மணி தோக்கியோ நேரமா, தாய்லாந்து நேரமா என்பதை ஆவணந்தோறும் ஆராய்ந்தே துணிய வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 மணி நேரம். சாதகக் கணிப்பில் அவ்வளவு நேரத்தில் இலக்கினமே மாறிவிடலாம். வாய்மொழி வரலாறு தொகுக்கும் மாணவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 1950களில் ஆறு மணிக்கு மரம் சீவச் சென்றதாக ஒரு மூதாட்டி கூறினால், பொழுதின் நிலையில் அது இன்றைய ஆறரைக்கு ஒப்பாகும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மரம் சூரியனையே அறியும், சட்டத்தை அறியாது.

எல்லையில் இது கண்கூடு. புக்கிட் காயு ஹித்தாமைக் கடந்தவுடன் கைத்தொலைபேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்செல்லும். அங்கும் இங்கும் குறிகை ஒன்றே, சூரியனும் ஒன்றே.

நம் நாட்காட்டிகளில் அச்சாகும் இராகு கால அட்டவணையும் இங்கு நோக்கத்தக்கது. அது காலை 6 மணிக்குச் சூரியன் எழுவதாகக் கொண்டு, 12 மணி நேரப் பகலை எட்டாகப் பகுத்து அமைந்தது. திங்கட்கிழமைக்கு உரியது இரண்டாம் பகுதி, அதாவது 7.30 முதல் 9 வரை. சுங்கை பட்டாணியிலோ சூரியன் எழுவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.35க்கும் இடையில்தான். பிப்ரவரித் திங்கட்கிழமையில் அட்டவணையின்படி சூரியன் எழுமுன்னரே இராகு காலம் பிறந்துவிடுகிறது. எழுகதிரிலிருந்து கணக்கிட்டால் அது தொடங்குவது 9 மணிக்குப் பின்னர்.