அலகை மலையின் அருவி

‘ஏஞ்சல் அருவி’ என்னும் பெயரைக் கேட்டவுடன், வானதூதர் ஒருவரின் பெயரால் பக்தர்கள் யாரோ இட்ட பெயர் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். உண்மை வேறு. அது விமானம் ஓட்டிய ஒரு மனிதரின் பெயர். அருவி விழும் மலைக்கோ, அங்கு வாழும் பழங்குடி மக்கள் இட்ட பெயர் ‘அவுயான் தெப்புயி’. தீய ஆவியின் மலை என்று அதற்குப் பொருள் கூறுவர்.

தென் அமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டின் தென்கிழக்கே, கனைமா தேசியப் பூங்கா உள்ளது. 1962-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இப்பூங்கா இன்று ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 1994-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. மேசையைப் போல உச்சி தட்டையாகவும், பக்கங்கள் சுவரைப் போலச் செங்குத்தாகவும் நிற்கும் மலைகளே இதன் தனிச்சிறப்பு. அவற்றுள் ஒன்றாகிய அவுயான் தெப்புயியின் உச்சிச் சமவெளி மட்டும் சுமார் 700 சதுர கிலோமீட்டர். அதன் விளிம்பிலிருந்து 979 மீட்டர் உயரம் விழுகிறது ஏஞ்சல் அருவி. உலகில் இதனினும் உயர்ந்த அருவி நிலத்தின்மேல் இல்லை என்பர். நயாகராவைப் போல் பதினைந்து மடங்கிற்கும் மேற்பட்ட உயரம் இது.

பொன் தேடி வந்தவர்

ஜிம்மி ஏஞ்சல் என்னும் அமெரிக்க விமானி, பொன் தேடிப் பறந்தபோது 1933-இல் இவ்வருவியைக் கண்டார். 1937 அக்டோபர் 9-ஆம் நாள், தம் மனைவி மரீயுடனும் துணைவர் இருவருடனும் மலையுச்சியில் விமானத்தை இறக்கினார். சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. மீண்டும் எழும்ப வழியில்லை. நால்வரும் கால்நடையாகவே இறங்கி, 11 நாட்களுக்குப் பின் மனிதர் வாழும் இடத்தை அடைந்தனர். அவர்கள் தேடிய பொன் கிட்டவில்லை. அருவிக்கு அவர் பெயர் கிட்டியது. உச்சியில் கிடந்த விமானம் 1970-இல்தான் ஹெலிகாப்டர்களால் கீழே கொண்டுவரப்பட்டது. 1949-இல் ரூத் ராபர்ட்சன் என்னும் அமெரிக்கப் பெண் பத்திரிகையாளரின் குழு தரை வழியாக அருவியின் அடிவாரத்தை அடைந்து உயரத்தை அளந்தது.

ஆயினும், இதனைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று எவரைச் சொல்வது? பெமோன் இனத்தார் தலைமுறை தலைமுறையாக இதனை அறிந்திருந்தனர். ‘கெரெபக்குபாய் மெரு’ என்பது அவர்கள் வழங்கும் பெயர்; மிக ஆழமான இடத்தின் அருவி என்பது பொருள். அப்பெயரையே வழங்க வேண்டும் என 2009-இல் அந்நாட்டு அதிபர் ஹ்யூகோ சாவேஸ் கூறினார். இம்மக்களின் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி, அவர்தம் கதைகளையும் தொகுத்தவர் செசாரெயோ தெ ஆர்மெயாதா என்னும் கப்புச்சின் துறவி என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

தோணியும் நடையும்

கனைமா சிற்றூருக்குச் சாலை கிடையாது. சிறு விமானத்தில்தான் செல்ல வேண்டும். அங்கிருந்து, பெருமரத்தைக் குடைந்து மோட்டார் பொருத்திய தோணியில் காரவ் ஆற்றை எதிர்த்துப் பல மணி நேரப் பயணம். ஓட்டுபவரும் வழிகாட்டுபவரும் பெமோன் மக்களே. பாறைகளிடையே நீர் சீறிப் பாயும் இடத்தில் பயணிகள் இறங்கிப் புல்வெளி வழியே நடக்க, வெறுந்தோணி மட்டும் மேலேறும். பின்னர் சுருன் ஆற்றில் திரும்பியதும் இருபுறமும் மலைச்சுவர்கள் நெருங்குகின்றன. ஆற்றுநீர் தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருக்கும். அஃது அழுக்கன்று, இலைதழைகளின் துவர்ப்பு நீரில் ஊறியதன் விளைவு.

கரையிலிருந்து காட்டு வழியே ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான ஏற்றம். பாதை முழுதும் வேர்கள் பின்னிக் கிடக்கும். மழையில் அவை வழுக்கும். ஆதலால் அருவியை அண்ணாந்து பார்க்க விரும்புவோர், பார்வைமேடை வரும்வரை காலடியையே பார்த்து நடப்பது நலம். மேடையை அடைந்தால், சாரல் முகத்தில் படுமுன்னரே ஓசை நெஞ்சில் படும். இரவில் கூரையின் கீழ்க் கட்டிய தூளிகளில் உறக்கம்.

எந்தக் காலத்தில் செல்வது? மழைக்காலமாகிய ஜூன் முதல் நவம்பர் வரை. ஏனெனில், இவ்வருவிக்குப் பின்னால் பேராறு ஏதுமில்லை. உச்சியில் பெய்யும் மழையே பாறை வெடிப்புகளின் வழியாக விளிம்புக்குச் சற்றுக் கீழே வெளிப்பட்டு விழுகிறது. கோடையில் நீர் மெலிந்து, தரையை எட்டுமுன்னே பனிப்புகையாகக் கலைந்துவிடும். ஆற்றிலும் தோணி செல்ல நீர் போதாது.

மீண்டும் பொன்

ஏஞ்சல் தேடிய பொன்னை இன்று பலர் தேடுகின்றனர். பூங்காவின் உள்ளும் புறமும் சட்டத்திற்குப் புறம்பாகச் சுரங்கங்கள் பெருகியுள்ளன. மணலிலிருந்து பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுகிறது. அது ஆற்றில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனுண்ணும் மனிதரை அடைகிறது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளையையும் பாதிக்கிறது. இந்நீர் யாவும் சேரும் கரோனி ஆற்றின் அணைகளே வெனிசுவேலாவின் மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தருகின்றன. நாட்டின் பொருளாதாரம் சரிந்து பயணிகள் குறைந்தபோது, பிழைப்பின்றிப் பெமோன் மக்களிலும் சிலர் சுரங்கங்களை நாடினர். தோணி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவரைக் குறை கூறுவது எளிது; அவருக்கு வேறு பிழைப்புக் காட்டுவதே கடினம்.

ஆகவே, அருவியைக் காண நடந்து வருபவர் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்திற்குச் சுரங்கம் அல்லாத ஊதியத்தைத் தருகிறார். தொலைவில் இருக்கும் நமக்கும் பங்குண்டு. உருக்கிய பொன்னில் அது பிறந்த ஆற்றின் பெயர் எழுதியிருப்பதில்லை. நம் இல்லத் திருமணங்களுக்குச் சவரன் கணக்கிடும்போது, ஒரு சவரனைக் குறைத்துக்கொள்ளும் துணிவு நம்மிடம் உண்டா? பெற்றோர் இருவரும் அமர்ந்து பேச வேண்டிய கேள்வி இது.