செலவுக் கணக்கு போதுமா? விளைவுக் கணக்கும் வேண்டும்

கண்மாய் மராமத்துக்கு அரசு பணம் ஒதுக்குகிறது. வேலை முடிந்தது, பணம் செலவாயிற்று என்று எழுதிவிட்டால் ஏட்டுக் கணக்கு நேராகிவிடும். ஆனால் அடுத்த மழையில் கடைசி மடைக்குத் தண்ணீர் பாய்ந்ததா? மானாவாரியையும் கண்மாயையும் நம்பிப் பிழைக்கும் விருதுநகர் மாவட்டச் சிறு விவசாயிக்கு இதுவே முக்கியமான கேள்வி.

அரசும் இதை உணராமல் இல்லை. ஒதுக்கிய பணத்தால் என்ன பலன் கிடைக்க வேண்டும் என்று துறைவாரியாகக் கூறும் விளைவு பட்ஜெட்டை, 2005-ஆம் ஆண்டில் அப்போதைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரம் முதன்முதலாக நாடாளுமன்றத்தில் வைத்தார்.

நம் மாவட்டத்தில்

2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமும் சேர்க்கப்பட்டன. மாவட்டத்தின் முன்னேற்றத்தை அளக்க 49 குறியீடுகள் வகுக்கப்பட்டன. மொத்தம் 100 மதிப்பெண் என்றால் வேளாண்மைக்கும் நீர்வளத்துக்கும் 20. நுண்ணீர்ப் பாசனப் பரப்பு, தரமான விதை, பயிர்க் காப்பீடு, மண்வள அட்டை, கால்நடைத் தடுப்பூசி, மகசூல் முதலியவை இதில் அடங்கும். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரை அடைந்த முன்னேற்றத்தில் விருதுநகர் இம்மாவட்டங்களுள் முதலிடம் பெற்றது. பாராட்ட வேண்டியதே.

எண்ணிக்கை மட்டும் பலனாகாது

ஆயினும் எத்தனை அட்டை கொடுத்தோம் என்பது வேறு. அதனால் என்ன நடந்தது என்பது வேறு. மண்வள அட்டையில் 12 பரிசோதனை முடிவுகள் உள்ளன. அது பரணில் கிடந்தால் யாருக்கு லாபம்? அதைப் பார்த்து உரமிட்டு, உரச் செலவு குறைந்தால்தான் பலன். எண்ணிக்கைக்குத்தான் மதிப்பெண் என்றால் எண்ணிக்கை மட்டுமே வளரும். சிவகாசிப் பட்டாசு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். எத்தனை பெட்டி இருந்தாலும் நமுத்துப்போன வெடிக்கு விலை இல்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. கிராம சபையில் செலவுத் தொகையோடு நிற்காமல், மராமத்தான கண்மாயால் எத்தனை ஏக்கர் பாசனம் பெற்றது என்று கேளுங்கள்.

2. மழைக்கு முன்னும் பின்னும் கண்மாயின் நீர்மட்டத்தையும், கடைசி மடைக்குத் தண்ணீர் வந்த நாளையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

3. உரச் செலவையும் மகசூலையும் ஆண்டுதோறும் எழுதுங்கள்.

4. குறை இருந்தால் மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இக்குறிப்புடன் மனுக் கொடுங்கள்.

வாய்ச்சொல்லை மறுத்துவிடலாம். தேதியிட்டு எழுதிய கணக்கைத் தள்ளுவது எளிதல்ல. அரசின் கணக்கு சரிதானா என்று பார்க்க, விவசாயியின் நோட்டும் ஓர் அளவுகோலாகட்டும்.