பூட்டப்படாத கருவூலம்

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று நாம் காண விழைவதோ பூட்டே இல்லாத ஒரு கருவூலம்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் காப்புரிமையைப் ‘பேட்டன்ட்’ என்கிறோம். இது இலத்தீன் வழிவந்த சொல். ‘பத்தேரே’ என்றால் திறந்திருத்தல். முத்திரையை உடைக்காமலே எவரும் படிக்கும்படி மன்னர்கள் வெளியிட்ட திறந்த மடல்களே இதன் மூலம். நம் மக்களோ காப்புரிமை என்றதும் மூடி வைத்த இரகசியம் என்றே கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. தம் கண்டுபிடிப்பின் அமைப்பையும் செய்முறையையும், அத்தொழில் அறிந்த ஒருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்கி எழுதினால்தான் உரிமை கிடைக்கும். 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டமும் இதையே கோருகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் சென்றபின் அவ்வறிவு ஊர்ப் பொதுச் சொத்து.

இவ்வாறு சேர்ந்த ஏடுகள் கொஞ்சமல்ல. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’ தொகுப்பில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. ஐக்கிய நாடுகளின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பு ‘பேட்டன்ட்ஸ்கோப்’ என்னும் தொகுப்பையும், தூய தொழில்நுட்பம் உடையோரையும் வேண்டுவோரையும் இணைக்கும் ‘வைப்போ கிரீன்’ என்னும் ஏற்பாட்டையும் (2013) நடத்தி வருகிறது. இந்திய விண்ணப்பங்களைத் தேட ‘இன்பாஸ்’ உண்டு. இவற்றில் தேடுவதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

தேடுவது எப்படி? ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று முருங்கைக் கீரையைச் சூரிய வெப்பத்தில் உலர்த்தி விற்க விரும்புகிறது என வைத்துக்கொள்வோம். வெறும் சொல்லைக் கொண்டு தேடினால் குப்பையும் மணியும் கலந்து வரும். ஆகவே வகை எண்ணைக் கொண்டு தேடுவதே மேல். சூரிய வெப்பச் சாதனங்களுக்கு எஃப்24எஸ், உலர்த்தும் கருவிகளுக்கு எஃப்26பி. இவற்றுக்கும் மேலாக, தட்பவெப்ப மாற்றத்தைத் தணிக்கும் தொழில்நுட்பங்கள் அனைத்துக்கும் ஒய்02 என்னும் தனி அடையாளத்தை ஐரோப்பிய அலுவலகத்தார் இட்டு வைத்துள்ளனர். நூலகத்தில் ஒரே அலமாரிக்கு நேரே சென்று நிற்பது போன்றது இது.

ஆவணம் கையில் கிடைத்ததும் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, படங்களும் விளக்கமும். இரண்டாவது, இறுதியில் வரும் உரிமைக் கோரிக்கைகள். எதுவரை அவருக்கு உரியது என்ற வேலியைச் சொல்பவை இவையே. மூன்றாவது, அது இன்று உயிரோடிருக்கிறதா என்பது. காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே வழங்கப்படுவது. ஜெர்மனியில் மட்டும் பெற்ற உரிமை, திண்டுக்கல் பட்டறையைக் கட்டுப்படுத்தாது. செய்த பொருளை அந்நாட்டுக்கே அனுப்பினால்தான் சிக்கல். ஆண்டுக் கட்டணம் செலுத்தாததால் இடையிலேயே செத்துப்போகும் காப்புரிமைகளும் ஏராளம். ஆனால் அவசரம் வேண்டாம்: இந்தியாவில் அவ்வாறு இழந்ததை 18 மாதத்துக்குள் மீட்க விண்ணப்பிக்கலாம்.

ஒரே பொருளின்மேல் பல காப்புரிமைகள் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கவும் கூடும். இன்று சூரிய விளக்குகளிலும் மின்வண்டிகளிலும் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைப் பாருங்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குடினஃப் குழுவினர் அதன் அடிப்படைக்கு 1997-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1999-இல் உரிமை பெற்றனர். அதற்குரிய காலம் முடிந்துவிட்டது. அதைச் செப்பனிட்ட பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கோ தனித்தனிக் கணக்கு.

ஏட்டில் உள்ளதெல்லாம் நன்றாக வேலை செய்யும் என்றும் நம்பிவிடலாகாது. புதுமையைத்தான் அலுவலகம் சோதிக்கிறது. மலிவையும் உறுதியையும் அன்று. 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகர்க் கண்காட்சியில், ‘இமாலயா அடிகள்’ எனப் பெயர்பெற்ற போர்ச்சுகல் நாட்டுக் குரு மனுவேல் கோமஸ், ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடிகளால் கதிரவன் ஒளியைக் குவித்து உலோகத்தை உருக்கும் சூரிய உலையை நிறுத்திப் பெரும் பரிசு வென்றார். என்றாலும் அவ்வுலை எந்தத் தொழிற்சாலைக்கும் சென்று சேரவில்லை. பட்டறையில் செய்து பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். அதற்குத் துணை வேண்டுவோர் அருகிலுள்ள காந்திகிராமப் பல்கலைக்கழக ஆசிரியர்களை நாடிக் கேட்பது நலம்.

நம் பிள்ளைகளும் கண்டுபிடிக்கிறார்கள். திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவோரத்தில் கரியிட்டுத் துணி தேய்ப்போருக்கென்று சூரிய சக்தி வண்டியை வடிவமைத்து, 2020-இல் சுவீடன் நாட்டுக் குழந்தைகள் தட்பவெப்பப் பரிசைப் பெற்றார்; 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டிலும் உரையாற்றினார். நம் வீட்டிலும் அப்படியொரு எண்ணம் உதித்தால் முதலில் இவ்வேடுகளைத் தேடுங்கள். முன்பே எவரேனும் செய்திருந்தால் பணமும் காலமும் மிஞ்சும், செய்திராவிட்டால் விண்ணப்பிக்கலாம். பத்திரிகையில் படம் போட்டு, ஊர்க் கண்காட்சியில் காட்டிவிட்டு, பிறகு விண்ணப்பிப்போம் என்றிருந்தால் புதுமை போய்விட்டதெனத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. விதிவிலக்குகள் மிகச் சில. தனிநபர் கணினி வழியே விண்ணப்பிக்க 1,600 ரூபாய். பரிசோதனைக்குத் தனிக் கட்டணம். தமிழகத்தாருக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.