உஷார்! ஊதா கேபிளை இழுக்கும் முன்…

புது லைனுக்கு கேபிள் டிரம் வந்து இறங்கிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். "ட்ரேயில இடம் இருக்கு சார், இதுலயே ஓட்டிடலாம்" என்று கான்ட்ராக்டர் சொல்லும்போது தலையாட்டிவிட்டால், பிறகு மாதக்கணக்கில் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

பல ஆலைகளில் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியும் மோட்டார்களை ஓட்டும் டிரைவுகளும் இன்றும் ப்ரொஃபிபஸ் கேபிள் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. ஊதா உறை, உள்ளே சிவப்பும் பச்சையுமாக இரண்டே கம்பிகள். பக்கத்திலேயே டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிள். அதில் போகும் மின்சாரத்தை டிரைவ் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதன் இரைச்சல் ஊதா கேபிளுக்குள் புகுந்தால் பேச்சு குழறும்.

கமிஷனிங் அன்று இது தெரியவே தெரியாது. மோட்டார்கள் சும்மா நிற்கும், பேனல்களில் எல்லா விளக்கும் பச்சை, பில்லும் பாஸ். மூன்றாம் வாரம், முழு லோடில், நைட் ஷிஃப்டில் 'பஸ் ஃபால்ட்' என்று லைன் நிற்கும். ரீசெட் செய்தால் ஓடும். மறுபடி நிற்கும். மெயின்டனன்ஸ்காரர் கார்டை மாற்றுவார், கனெக்டரை மாற்றுவார். குற்றவாளியோ மேலே ட்ரேயில் சொகுசாகப் படுத்திருப்பான்!

தனி ட்ரே கேளுங்கள். முடியாவிட்டால் குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி. பவர் கேபிளைத் தாண்டியே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்ட வேண்டும்.

நீளத்தில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். வேகம் நொடிக்கு 1.5 மெகாபிட் என்றால் ஒரு செக்மென்ட், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையான கேபிள், அதிகபட்சம் 200 மீட்டர். 12 மெகாபிட் என்றால் வெறும் 100. லேஅவுட்டில் ஸ்கேல் வைத்து 150 மீட்டர் என்று நிம்மதி அடையாதீர்கள். ட்ரேயிலிருந்து ஒவ்வொரு பேனலுக்கும் 4 மீட்டர் இறங்கி, 4 மீட்டர் ஏற வேண்டும். பத்துப் பேனலுக்கு அதுவே 80 மீட்டர். கணக்கு உதைக்கிறதா? ஒரு செக்மென்டில் 32 கருவிகளுக்கு மேல் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி, கனெக்டரில் இருக்கும் குட்டி டெர்மினேஷன் ஸ்விட்ச். இரு முனைகளில் மட்டும் 'ஆன்'. நடுவில் யாராவது தட்டிவிட்டால் அதற்கு அப்பாலுள்ள கருவிகளின் தொடர்பு அறுந்துபோகும். கடைசிக் கருவியின் பவரை அணைத்தால் டெர்மினேஷனும் செத்துவிடும். அதனால் அடிக்கடி அணைக்கும் மெஷினைக் கடைசியில் வைக்காதீர்கள்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போக ஃபைபர் போடுங்கள். காப்பர் போட்டால் ஒரே இடி, இரண்டு பக்கமும் கார்டு காலி.

ப்ரொஃபிபஸுக்குப் பதில் ஈதர்நெட் என்றால் கவலை வேறு. தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில் 2018 ஆகஸ்டில், வைரஸ் ஏறிய புது மெஷின் ஒன்றை நெட்வொர்க்கில் மாட்டியதால் உற்பத்தி முடங்கியது. அலுவலக நெட்வொர்க்கும் ஆலை நெட்வொர்க்கும் எங்கே பிரியும், புது மெஷினை யார் சோதித்து உள்ளே விடுவது என்பதெல்லாம் கேபிள் இழுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கடைசியாக, பணம் கொடுக்கும் முதலாளிகளுக்கு: எல்லா மோட்டார்களும் முழு லோடில் ஓடும்போது எடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வராமல், பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.