ஓட்டுப் போட்டாச்சு... அடுத்த அஞ்சு வருஷம்?



தேர்தல் வந்து போனால் நம் குழுக் கூட்டங்களில் ஒரே பேச்சுதான். "எந்தக் கட்சி வந்தா என்ன, குடத்தைத் தூக்கிக்கிட்டு நாமதானே நடக்கணும்" என்பார் ஒருவர். "இனிமே ஓட்டுப் போடவே போறதில்ல" என்பார் இன்னொருவர். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் பேச்சும் முடிந்து, எழுந்திரிக்கிற நேரத்தில் வரும் பேச்சு இது. பெருமூச்சோடு முடிந்துவிடும். அதற்கு அப்புறம் என்ன செய்யலாம் என்று இந்த மாதம் எழுதுகிறோம்.

இந்தச் சலிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016ல் தஞ்சாவூர், அரவக்குறிச்சி தொகுதிகளில் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே தள்ளி வைத்தார்கள். 2017ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும் 2019ல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையும் அதே காரணத்துக்காக ரத்து செய்தார்கள். நமக்குப் பக்கத்து அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கிறது வேங்கைவயல். 2022 டிசம்பரில் அந்த ஊர் ஆதிதிராவிட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. நியாயம் கிடைக்கவில்லை என்று சொல்லி 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிப்பதாக அந்த மக்கள் அறிவித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனாலும் கோபத்தை எங்கே காட்டுவது என்று யோசிக்க வேண்டும் சகோதரிகளே. கருப்புக் கொடி கட்டினால் தாசில்தார் சமாதானம் பேச வருவார், வாக்குறுதி கொடுப்பார். தேர்தல் முடிந்தபின் அந்த வாக்குறுதி என்ன ஆச்சு என்று கேட்க மறுபடியும் நாம்தான் அலைய வேண்டும். 'நோட்டா' பொத்தானை அமுக்கலாம். 2013ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது அது. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர்.

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி விவசாயிகள் ஒரு வேலை செய்தார்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச் சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. கடைசியில் ஜெயித்தது கட்சி வேட்பாளர்தான். அந்த வருஷமே சட்டமன்றத் தேர்தல் டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு ஏற்றிவிட்டார்கள். கட்சி இல்லாத சாதாரண ஆள் தேர்தலில் நிற்பது இன்னும் கஷ்டமானதுதான் மிச்சம்.

நெடுவாசலில் நடந்தது

நம்ம மாவட்டத்தின் கிழக்குப் பக்கம், ஆலங்குடி தாலுகாவில் உள்ள நெடுவாசல் வேறு வழியில் போனது. 2017 பிப்ரவரியில் அங்கே ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு அனுமதி கொடுத்தது. நிலத்தடி நீரும் விவசாயமும் என்ன ஆகுமோ என்று சுற்று வட்டார ஜனங்கள் பயந்தார்கள். பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் மூன்று வாரம். அரசு சமாதானம் சொன்னதும் எழுந்தார்கள். மார்ச் கடைசியில் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஏப்ரலில் மறுபடியும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை ஐந்து மாதத்துக்கு மேல். சமையல், ஆடு மாடு, பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பெண்கள் தினமும் பந்தலுக்கு வந்தார்கள். கிராம சபைகளில் தீர்மானமும் போட்டார்கள். பல கட்சித் தலைவர்கள் அந்தப் பந்தலைத் தேடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக சட்டசபை சட்டம் போட்டது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்ட அங்கே தடை. நம் மாவட்டத்தில் நெடுவாசல் இருக்கிற திருவரங்குளம் ஒன்றியம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகியவை அதில் வருகின்றன. (நம்ம குன்றாண்டார்கோவில் ஒன்றியம் வரவில்லை.) சட்டத்தில் ஓட்டைகள் உண்டு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. சட்டசபையில் கை தூக்கியவர்கள் எல்லாம் கட்சிக்காரர்கள்தான். அதனால் கட்சியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டம் போட சட்டசபை வேண்டும், சட்டசபைக்குக் கட்சி வேண்டும். ஆனால் அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது நெடுவாசலிலும் மற்ற டெல்டா ஊர்களிலும் வருஷக்கணக்காகப் போராடிய ஜனங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த தலைவரே கிடையாது, தனி அலுவலர்தான். நெடுவாசல் பக்கத்து ஊர்கள் தீர்மானம் போட்டது அந்தக் காலத்தில்தான்! 2025 ஜனவரியிலும் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். யாரும் நம்மைச் சேர்க்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது.

நமக்குத் தெரிந்த வேலைதான்

குழுவில் தீர்மானம் எழுதாமல் ஊக்குநர் பேங்கில் பணம் எடுத்தால் சும்மா விடுவோமா? ரொக்கப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி உண்டு இல்லை என்று ஆக்கிவிட மாட்டோமா? அதே கேள்வியை ஊராட்சியைப் பார்த்துக் கேட்கும் இடம்தான் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் அரசு சேர்த்தது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஒரு ஊராட்சியில் பத்துக் குழு இருந்தால், நாம் போனாலே 100 பேர் ஆயிற்றே!

எங்கள் அனுபவத்தில், "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கம்மா" என்ற பேச்சோடு கூட்டம் முடிந்துவிடுகிற ஊர்கள் உண்டு. எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், நாமும் அதைச் செய்ய வேண்டாம். உட்காருங்கள். போன கூட்டத்தில் போட்ட தீர்மானங்களைப் படிக்கச் சொல்லுங்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். நம் கோரிக்கையை எழுதிக் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, நம்பர் போட்டாச்சா என்று கண்ணால் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.

தீர்மானம் போட்ட மறுநாளே தெருவிளக்கு எரியாது, சாராயக் கடை மூடாது. ஆனால் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவிலும், நீதிமன்றம் வரை போனாலும், "ஊரே சேர்ந்து சொன்னது" என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி அதுதான்.

எல்லா ஊரிலும் எல்லோரும் பேசிவிட முடியாது என்பதும் தெரியும். சில ஊரில் காலனித் தெருவிலிருந்து ஒரு அக்கா தனியாக எழுந்தால் உட்காரச் சொல்லிவிடுவார்கள். பெண்களுக்கு உள்ளாட்சியில் பாதி இடம் என்று 2016ல் சட்டம் திருத்தியும், தலைவர் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்காருகிற கூத்து நிற்கவில்லை. அதனால்தான் குழுவாகப் போகச் சொல்கிறோம். அவர் பேசும்போது பக்கத்துக் குழுக்காரர்கள் நாலு பேர் "அவங்க சொல்றதைக் கேளுங்க" என்று எழுந்து நின்றால் போதும். அதைச் செய்ய மேல் தெருக் குழுக்களுக்கு மனசு வர வேண்டும்.

கணக்கைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ல் வந்த இந்தச் சட்டத்துக்கு வேர் ராஜஸ்தானில், நம்மைப் போன்ற கூலிக்காரர்களிடம் உள்ளது. பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குச் சொன்ன கூலி வரவில்லை. "நீங்க செஞ்ச வேலைக்கு இவ்வளவுதான், பதிவேட்டில் இருக்கு" என்றார்கள். "அப்போ பதிவேட்டைக் காட்டு" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1990ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று கட்சி சாராத அமைப்பு உண்டானது. 1994 முதல் ஊர் நடுவில் கணக்கை வாசித்துப் பொது விசாரணை நடத்தினார்கள். 1996ல் பியாவர் நகரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். கூலிக் கணக்குக் கேட்ட அந்தக் குரல்தான் பல ஊர் தாண்டி டில்லி வரைக்கும் போனது.

விண்ணப்பம் வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதற்கான சான்றை வைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

குழுவின் பெயர் பத்திரம்

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் முதலில் தேடி வருவது குழுத் தலைவிகளைத்தான். "உங்க குழுவிலேர்ந்து இருபது பேர் கூட்டத்துக்கு வாங்க", "இதை உங்க ஆளுங்களுக்குக் கொடுத்துடுங்க" என்பார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், அது அவர் உரிமை. குழு எந்தக் கட்சிக்கும் போகக் கூடாது. குழுவின் பெயரை ஒரு கட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்த கிராம சபையில் நாம் கேட்கிற நியாயமான கேள்விகூடக் கட்சிக் கேள்வியாகிவிடும். "அவங்க அந்தக் கட்சி ஆளுங்க" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள்.

கீரனூர் டவுனில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. உங்கள் கோரிக்கையை வார்டு கவுன்சிலரிடமும் செயல் அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். தகவல் உரிமை விண்ணப்பம் உங்களுக்கும் உண்டு. கிராமக் குழுக்கள் அடுத்த கிராம சபைக்கு முந்தைய குழுக் கூட்டத்திலேயே என்ன கேட்பது என்று பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்கிக் குழுக் கோப்பில் வையுங்கள்.